கலவையில் தொடங்கித் தனிமத்தில் முடிப்போம்: கொங்கு நாட்டு வகுப்பறைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பருப்பொருள் பாடம் பல நூல்களில் ஒரே வரிசையில்தான் வருகிறது. முதலில் அணு, பிறகு தனிமம், அடுத்துச் சேர்மம், கடைசியில் கலவை. படித்து முடித்தவர்களுக்கு இந்த வரிசை நேர்த்தியாகத் தெரியும். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இது தலைகீழ். காலையில் குடித்த பால், நடந்து வந்த செம்மண், மூச்சில் இழுத்த காற்று எல்லாமே அந்தப் பிள்ளைக்குக் கலவையாகத்தான் அறிமுகமாகியிருக்கின்றன. தூய தனிமம் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்திருப்பதே அபூர்வம். ஆகவே நான் எதிர்த்திசையில் நடத்துகிறேன்: கையில் இருக்கும் கலவையில் தொடங்கி, பிரித்துக்கொண்டே போய், இனிப் பிரிக்க வழியில்லை என்ற இடத்தில் தனிமத்தைக் காட்டுவது.

இதற்கு ஒரே ஒரு கேள்வி போதும். "இதைப் பிரிக்க என்ன செய்ய வேண்டியிருந்தது?" சல்லடையும் காந்தமும் வடிதுணியும் ஆவியாக்குதலும் போதுமென்றால் அது கலவை. பொருளே வேறொன்றாக மாறும் வேதிமாற்றம் தேவைப்பட்டால் அது சேர்மம். எந்த வேதிமுறைக்கும் மசியவில்லை என்றால் அது தனிமம். இந்தக் கேள்வியைக் கரும்பலகையின் மேல் மூலையில் எழுதி, பாடம் முடியும் வரை அழிக்காமல் விட்டுவிடுங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை எதற்கும் இது பொருந்தும். சிறு வகுப்புகளுக்கு அணு நிறைக் கணக்குகளை மட்டும் விட்டுவிடலாம்.

முன்னேற்பாடு

மளிகைக் கடையிலும் பட்டறையிலும் கிடைப்பவையே பெரும்பாலும் போதும்: கல் உப்பு, மணல், நாட்டுச்சர்க்கரை, வெள்ளைச் சர்க்கரை, குச்சிக்கிழங்கு, முட்டை ஓடு, வினிகர், பால், சமையல் சோடா, அடுப்புக்கரி, பழைய மெல்லிய வேட்டித் துணி, டார்ச், காந்தம், ஒன்பது வோல்ட் பேட்டரி, இருமுனையும் சீவிய பென்சில்கள். கடைகளில் வைத்திருக்கும் மின்னணுத் தராசு ஒன்றும் வேண்டும். கோவைப் பக்கத்துப் பள்ளி என்றால் இரும்புத்தூளுக்கு அலைய வேண்டாம். வார்ப்பிரும்பைக் கடையும் லேத் பட்டறையில் ஒரு டப்பா கேட்டால் தருவார்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சோப்பு நீரில் அலசி உடனே வெயிலில் காயவைத்துவிடுங்கள். ஈரத்தோடு மூடி வைத்தால் துருப்பிடித்துவிடும். கந்தகத்தோடு சூடாக்கும் சோதனைக்கு மட்டும் ஆய்வகத்துக்கென விற்கும் தூய இரும்புத்தூளை வாங்குங்கள்.

முதல் படி: எது பருப்பொருள், எது இல்லை

நிறை உண்டு, இடத்தை அடைத்துக்கொள்ளும். இந்த இரண்டும் சேர்ந்தால் பருப்பொருள். கல்லையும் தண்ணீரையும் பிள்ளைகள் உடனே ஒப்புக்கொள்வார்கள். சண்டை காற்றில்தான் வரும். காற்றுக்கு எடை உண்டு என்று காட்டப் பலரும் பலூனைக் குச்சியின் இரு முனையில் கட்டுகிறார்கள். எனக்கு அது அவ்வளவாகப் பிடிப்பதில்லை. பலூன் தன் பருமன் அளவு காற்றை விலக்கி மிதப்பதால், உள்ளே அடைத்த காற்றின் எடையில் பெரும்பகுதி தெரியாமல் போய்விடுகிறது. அதற்குப் பதிலாக ஒரு கால்பந்தை எடுங்கள். உருண்டையாக நிற்கும் அளவுக்கு மட்டும் காற்று இருக்கும்போது ஒருமுறை எடை போடுங்கள். பிறகு கல் போல ஆகும் வரை பம்பில் காற்றடித்து மறுபடி எடை போடுங்கள். பந்தின் பருமன் கிட்டத்தட்ட மாறவில்லை. ஆனால் தராசு சில கிராம்கள் கூட்டிக் காட்டும். பெரிய விளக்கம் தேவைப்படாது.

வெளிச்சம், ஓசை, வெப்பம், நிழல் ஆகியவை பருப்பொருள் அல்ல. வாசனை என்ன என்று யாராவது கேட்பார்கள், கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். ஈரோட்டு மஞ்சள் மண்டி இருக்கும் தெருவில் நுழைந்ததும் மூக்கு கண்டுபிடித்துவிடுகிறதே, அது எப்படி? மஞ்சளிலிருந்து ஆவியாகிப் பிரிந்த மூலக்கூறுகள் காற்றில் பரவி மூக்கை எட்டுகின்றன. எனவே வாசனையைச் சுமந்து வருவது பருப்பொருள்தான். துகள்கள் ஓயாமல் அசைகின்றன, அவற்றுக்கு இடையே வெற்றிடம் இருக்கிறது என்ற இரு கருத்துகளையும் இங்கேயே சொல்லிவிடலாம். திட, திரவ, வாயு நிலைகளை முந்தைய வகுப்புகளிலேயே பார்த்திருப்பார்கள், அதில் நேரம் செலவிட வேண்டாம்.

இரண்டாம் படி: கலவைகளைப் பிரித்துப் பார்ப்பது

ஒவ்வொரு குழுவுக்கும் மணல், உப்பு, இரும்புத்தூள் மூன்றும் கலந்த ஒரு கரண்டி கொடுங்கள். மூன்றையும் தனித்தனியாகத் திருப்பித் தரச் சொல்லுங்கள். வழி சொல்லாதீர்கள். காந்தத்தை ஒரு பிளாஸ்டிக் தாளில் சுற்றிக் கொடுக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் ஒட்டிய தூளைப் பிரிப்பது பெரும்பாடு. பத்து நிமிடத்தில் யாராவது ஒரு பிள்ளை தண்ணீர் கேட்பாள். உப்பு மட்டும் கரையும் என்று அவள் யோசித்துவிட்டாள் என்பது பொருள். வடிகட்டியதும் மணல் துணியில் நிற்கும், வடிநீரைக் காய்ச்சினால் உப்பு திரும்பும். போட்ட மூன்றும் போட்டபடியே, தத்தம் குணம் மாறாமல் கிடைத்துவிட்டன. கலவையின் வரையறையை இப்போது எழுதலாம்.

அடுத்தது ஒருபடித்தானதா, பலபடித்தானதா என்பது. எங்கே எடுத்துப் பார்த்தாலும் ஒரே தன்மை இருந்தால் ஒருபடித்தானது, உப்புக்கரைசலைப் போல. இடத்துக்கு இடம் மாறினால் பலபடித்தானது. மாவரைக்கும் கிரைண்டர் கல்லைக் கைப்பூதக்கண்ணாடியில் பார்க்கச் சொல்லுங்கள். கருங்கல்லில் வெளுத்த பொட்டும் கறுத்த பொட்டும் மின்னும் பொட்டும் தனித்தனியாகத் தெரியும். பழனிப் பஞ்சாமிர்தம் இன்னொரு நல்ல எடுத்துக்காட்டு. வாழைப்பழம், நாட்டுச்சர்க்கரை, தேன், நெய், ஏலக்காய் என எதைக் கொஞ்சம் கூட்டினாலும் குறைத்தாலும் அது பஞ்சாமிர்தமாகவே இருக்கும். கலவைக்குக் கட்டாயமான விகிதம் கிடையாது என்பதைப் பிள்ளைகளின் நாக்கே ஒத்துக்கொள்ளும்.

தொங்கல், கூழ்மம், கரைசல் ஆகிய மூன்றும்தான் இந்தப் பாடத்தில் அதிகம் குழப்புபவை. துகள்களின் நானோமீட்டர் அளவுகளை மனப்பாடம் செய்யச் சொல்வதற்கு முன் மூன்று கண்ணாடி டம்ளர்களை வரிசையாக வையுங்கள். ஒன்றில் உப்புநீர். இன்னொன்றில் சில துளி பால் விட்ட நீர். மூன்றாவதற்குக் குச்சிக்கிழங்கைத் துருவி, நீர் விட்டுப் பிசைந்து, துணியில் பிழிந்த வெள்ளைப்பால். சேலம், நாமக்கல் பக்கத்துச் சேகோ ஆலைகளில் தொட்டிகளில் தேங்கி நிற்பதும் இதே கிழங்குப்பால்தான். பச்சைக் கிழங்கில் சயனைடு தரும் பொருள்கள் உண்டு. வாயில் வைக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அறையைச் சற்று இருட்டாக்கி, டார்ச் ஒளியைப் பக்கவாட்டில் செலுத்துங்கள். உப்புநீரில் ஒளி போகும் தடமே தெரியாது. பால் கலந்த நீரில் நேர்கோடாக ஒரு பாதை தெரியும். பாலின் நுண்துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதால் வரும் இதுதான் டிண்டால் விளைவு. மேட்டுப்பாளையத்தில் மார்கழி விடியலில் பஸ்ஸின் முகப்பு விளக்கு பனிமூட்டத்தில் கோடு போடுவதும் இதே காரணத்தால்தான், அங்கே காற்றில் மிதப்பவை நுண்ணிய நீர்த்துளிகள். கிழங்குப்பால் டம்ளரை அப்படியே அரைமணி நேரம் வைத்துவிட்டு வாருங்கள். மாவு அடியில் படிந்து மேலே நீர் தெளிந்திருக்கும். பால் கலந்த நீரோ அப்படியே இருக்கும். தானாகப் படிந்தால் தொங்கல். படியாமல் ஒளியைச் சிதறடித்தால் கூழ்மம். இரண்டும் இல்லையென்றால் கரைசல். சேகோ ஆலையில் மாவு எடுக்கும் முறைக்குத் தெளியவைத்து இறுத்தல் என்று பெயர் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அங்கே படிந்த அந்த மாவைத்தான் உருட்டி, வறுத்து ஜவ்வரிசி ஆக்குகிறார்கள்.

பாலில் கொழுப்புத் துளிகள் நீரில் மிதக்கின்றன. ஊத்துக்குளி வெண்ணெயில் இது தலைகீழ்: கொழுப்புதான் பெரும்பகுதி, நீர் சிறு துளிகளாக அதற்குள் சிக்கியிருக்கிறது. ஒரு திரவம் இன்னொன்றில் கரையாமல் நுண்துளிகளாக நிற்பது பால்மம்; கடைவது ஒரு பால்மத்தை இன்னொரு பால்மமாகத் திருப்பிப்போடும் வேலை. வீட்டில் தயிர் கடையும் பிள்ளைகள் இருந்தால் இதற்கு ஒரு பாடவேளை முழுக்கத் தரலாம்.

மூன்றாம் படி: கரும்பு வழியே சேர்மத்துக்கும் தனிமத்துக்கும்

இந்தப் பாடத்துக்குக் கொங்கு நாடு கொடுத்திருக்கும் மிகச் சிறந்த கருவி கரும்பு. ஒரே பொருளைப் பின்தொடர்ந்தால் பலபடித்தான கலவை, கரைசல், சேர்மம், தனிமம் எல்லாம் வரிசையாக வந்துவிடுகின்றன.

கவுந்தப்பாடி, சித்தோடு பக்கம் இருப்பவர்கள் பிள்ளைகளை வெல்லம் காய்ச்சும் ஆலைக்கே கூட்டிப்போகலாம். பிழிந்த சாற்றில் சக்கைத் துணுக்கும் மண்ணும் மிதக்கும், அது பலபடித்தான கலவை. வடிகட்டிய சாறு கொப்பரையில் கொதிக்கும்போது சுண்ணாம்பு சேர்க்கிறார்கள். சாற்றின் புளிப்பு குறைந்து, அழுக்கு திரண்டு நுரையாக மேலே வரும், அதை நீள அகப்பையால் எடுத்துக் கொட்டுகிறார்கள். நீர் ஆவியாகி, பாகு பதத்துக்கு வந்ததும் ஊற்றி ஆறவைத்துத் தேய்த்தால் நாட்டுச்சர்க்கரை. கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்திலிருந்துதான் பழனிக் கோயில் பஞ்சாமிர்தத்துக்கு நாட்டுச்சர்க்கரை வாங்குகிறது என்பதை அந்த ஊர்ப் பிள்ளைகளே உங்களுக்குச் சொல்வார்கள்.

வகுப்புக்குத் திரும்பியதும், நாட்டுச்சர்க்கரை இன்னும் கலவைதானா என்று கேளுங்கள். ஒரு டம்ளரில் அதையும் மற்றொன்றில் வெள்ளைச் சர்க்கரையையும் கரைத்து இரண்டையும் வடிகட்டச் சொல்லுங்கள். நாட்டுச்சர்க்கரைக் கரைசல் பழுப்பாக இருக்கும், துணியில் கசடும் தங்கும். அதில் சுக்ரோஸ் என்ற முக்கியச் சர்க்கரையோடு குளுக்கோஸ், பிரக்டோஸ், தாது உப்புகள், ஈரம் எல்லாம் உண்டு. வெள்ளைச் சர்க்கரையோ படிகமாக்கிப் பிரித்தது, ஏறக்குறைய முழுவதும் சுக்ரோஸ். இனிமேல் வடிதுணிக்கும் ஆவியாக்கலுக்கும் வேலையில்லை. கரைத்துக் காய்ச்சினாலும் மறுபடி சர்க்கரைதான் வரும்.

அதையும் மீறிப் பிரிக்க வேண்டுமென்றால்? இங்கே நீங்களே சோதனை செய்யுங்கள், பிள்ளைகள் இரண்டடி தள்ளி நிற்கட்டும். உலர்ந்த சோதனைக் குழாயில் அரைக் கரண்டி சர்க்கரையைப் போட்டு, இடுக்கியால் பிடித்துச் சூடாக்குங்கள். குழாயின் வாய் யாரையும் நோக்கியிருக்கக் கூடாது. முதலில் உருகும், பொன்னிறமாகும், பழுப்பாகும், புகையும். குழாயின் மேற்பகுதியைப் பார்க்கச் சொல்லுங்கள், அங்கே உட்சுவரில் நீர்த்துளிகள் கோத்து நிற்கும். ஆய்வகத்தில் நீரற்ற காப்பர் சல்பேட் இருந்தால் அந்தத் துளியைத் தொட்டு வையுங்கள், வெள்ளைத் தூள் நீலமாகிவிடும். தொடர்ந்து சூடாக்கினால் அடியில் கறுப்பாக மிஞ்சுவது பெரும்பகுதி கார்பன்.

இப்போது அவசரப்படாமல் ஒரு கேள்வி. உலர்ந்த சர்க்கரையிலிருந்து தண்ணீர் எப்படி வந்தது? உள்ளே ஈரம் ஒளிந்திருந்தது என்று பாதி வகுப்பு சொல்லும். வெயிலில் நன்கு காயவைத்த சர்க்கரையிலும் அதே துளிகள் வருவதைக் காட்டுங்கள். சர்க்கரை மூலக்கூறு ஒன்றில் 12 கார்பன், 22 ஹைட்ரஜன், 11 ஆக்சிஜன் அணுக்கள் பிணைந்திருக்கின்றன. அந்தப் பிணைப்பு வெப்பத்தில் உடைந்து, ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் நீராகப் புதிதாகச் சேர்ந்தன. 100 கிராம் சர்க்கரையில் சுமார் 42 கிராம் கார்பன். கறுத்த கரியும் இனிக்காத நீரும் இந்த வெள்ளைப் படிகத்திலிருந்துதான் வந்தன என்பதைப் பிள்ளைகள் நம்ப மறுக்கும் அந்த நிமிடத்தைக் கலைத்துவிடாதீர்கள். சேர்மம் தன் தனிமங்களின் குணத்தைக் காட்டாது என்பது அங்கேதான் பதிகிறது.

நான்காம் படி: சேர்மத்துக்கு விகிதம் உண்டு

இரும்பும் கந்தகமும் பழைய சோதனைதான், ஆனாலும் இதற்கு ஈடு கிடையாது. நிறையில் ஏழுக்கு நான்கு, 3.5 கிராம் இரும்புத்தூளுக்கு 2 கிராம் கந்தகத்தூள் போதும். கலந்ததும் காந்தத்தை அருகில் கொண்டுபோனால் இரும்பு மட்டும் தனியே வந்து ஒட்டிக்கொள்ளும். மறுபடி கலந்து, சோதனைக் குழாயில் இட்டு, வாயைத் தாதுப் பஞ்சால் (தீப்பிடிக்காத கனிம இழை) தளர்வாக அடைத்து, வராந்தாவிலோ திறந்தவெளியிலோ சூடாக்குங்கள். கந்தகப் புகை நெஞ்சை அடைக்கும், ஆஸ்துமா உள்ள பிள்ளைகளை அருகில் நிறுத்தவே கூடாது. செந்தணல் தோன்றியதும் விளக்கை எடுத்துவிடுங்கள். தணல் தானாகவே கலவை முழுக்கப் பரவும். ஆறியபின் கிடைக்கும் கறுப்புக் கட்டியைக் காந்தம் ஏறக்குறைய சீண்டாது. அது இரும்பு சல்ஃபைடு. அதன்மேல் அமிலம் விடாதீர்கள், நச்சு வாயுவான ஹைட்ரஜன் சல்ஃபைடு வெளிவரும்.

விகிதம் மாறாது என்பதற்கு இன்னும் அழகான சான்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. நாமக்கல் முட்டை ஓட்டையும் மதுக்கரைச் சுண்ணாம்புக்கல்லையும் தனித்தனி டம்ளரில் போட்டு வினிகர் ஊற்றுங்கள். இரண்டிலும் குமிழி வரும், இரண்டிலும் அது கார்பன் டை ஆக்சைடு. கோழி ஒரு நாளுக்குள் செய்த ஓடும் பூமி பல கோடி ஆண்டுகளாக வைத்திருந்த கல்லும் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். அந்தக் கார்பனேட்டை எங்கே எடுத்தாலும் கால்சியம் 40, கார்பன் 12, ஆக்சிஜன் 48 என்ற நிறை விகிதம்தான். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சு வேதியியலாளர் பிரௌஸ்ட் வகுத்த மாறா விகித விதி இதையே சொல்கிறது. பஞ்சாமிர்தத்தின் விகிதத்தை இங்கே நினைவூட்டுங்கள்.

நீரைப் பிரிப்பதும் கைக்கு எட்டிய சோதனை. நீரில் சமையல் சோடா கரைத்து, இரு பென்சில் முனைகளை அமிழ்த்தி, மறுமுனைகளை ஒன்பது வோல்ட் பேட்டரியோடு இணையுங்கள். உப்பைப் போட வேண்டாம், குளோரின் வரும். எதிர்முனையில் ஹைட்ரஜன், நேர்முனையில் ஆக்சிஜன். பருமனில் 2:1 என்று பாடநூல் சொன்னாலும் இந்த எளிய அமைப்பில் ஆக்சிஜன் பாதியைவிடக் குறையும். கொஞ்சம் நீரில் கரைகிறது, கொஞ்சம் பென்சில் கார்பனோடு சேர்ந்துவிடுகிறது. எண் பொருந்தவில்லை என்று மறைக்காமல் காரணத்தையும் சொல்லிவிடுங்கள். 1800-இல் நிக்கல்சனும் கார்லைலும் மின்சாரத்தால் நீரைப் பிரித்த பிறகு, நீர் ஒரு தனிமம் என்ற பழைய எண்ணத்துக்கு இடமே இல்லாமல் போனது.

ஐந்தாம் படி: தனிமம் என்பது எங்கே போய் நிற்பது

செம்புக் கம்பி, அலுமினியத் தாள், கந்தகம், இரும்பு எல்லாவற்றையும் மேசையில் பரப்புங்கள். 118 தனிமங்கள் இதுவரை அறியப்பட்டுள்ளன. குறியீடுகளை ஒரே நாளில் ஒப்பிக்கச் சொல்வதைவிட, கையில் தொட்ட பத்துத் தனிமங்களின் குறியீடு தெரிந்தால் போதும். பென்சில் முனையைக் கார்பன் என்று காட்டும்போது ஒரு சொல் சேர்க்க வேண்டும்: அதில் கிராஃபைட்டோடு களிமண்ணும் உண்டு.

நகை இங்கே வந்தே தீரும். அம்மாவின் கம்மலில் 916 என்று பொறித்திருக்கும். ஆயிரத்தில் 916 பங்கு தங்கம், மீதி செம்பு, வெள்ளி போன்றவை. சேலம் வெள்ளிக் கொலுசிலும் உறுதிக்காகச் செம்பு சேர்கிறது. சேலம் உருக்காலையின் துருப்பிடிக்காத எஃகில் இரும்போடு குரோமியம் உண்டு. உலோகக் கலவைகள் எங்கே சுரண்டினாலும் ஒரே மாதிரி இருப்பதால் அவற்றைத் தனிமம் என்று பிள்ளைகள் எழுதிவிடுகிறார்கள். ஒருபடித்தானது என்பதும் தூய பொருள் என்பதும் ஒன்றல்ல என்று சொல்ல இதைவிட நல்ல இடம் கிடையாது.

இதற்குப் பிறகு ஒரு வரலாறு. 1789-இல் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியர் வெளியிட்ட தனிமப் பட்டியலில் 33 பெயர்கள் இருந்தன. ஒளியும் வெப்பமும்கூட அதில் இருந்தன; அவை பருப்பொருளே அல்ல என்று முதல் படியிலேயே பார்த்துவிட்டோம். சுண்ணாம்பும் மக்னீசியாவும் (இன்றைய பெயரில் மக்னீசியம் ஆக்சைடு) அந்தப் பட்டியலில் தனிமங்களாகவே இடம்பெற்றன. அன்றைய எந்த முறையாலும் அவற்றைப் பிரிக்க முடியவில்லை என்பதே காரணம். 1808-இல் ஆங்கில வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி மின்சாரத்தைக் கொண்டு சுண்ணாம்பிலிருந்து கால்சியத்தையும், மக்னீசியாவிலிருந்து மக்னீசியத்தையும் பிரித்தெடுத்தார். மதுக்கரைக் கல்லைச் சுட்டால் கிடைக்கும் சுண்ணாம்பும், சேலத்து மாக்னசைட் என்ற வெள்ளைக்கல்லைச் சுட்டால் கிடைக்கும் மக்னீசியாவும் அவைதான். இன்று இரண்டும் சேர்மங்கள். கரும்பலகை மூலையில் இருக்கும் கேள்வியைத்தான் லவாய்சியரும் கேட்டார். கருவி மாறியதும் விடை மாறியது.

மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்துச் சிவப்பாக்கும் ஆரத்தி நீரை இந்தப் பாடத்தில் காட்டாமல் இருப்பதே நல்லது. நிறம் மாறினால் புதுச் சேர்மம் என்று பிள்ளைகள் முடிவுகட்டிவிடுவார்கள். எலுமிச்சை பிழிந்தால் மஞ்சள் நிறம் திரும்பிவிடும் அந்தச் சோதனை அமிலம், காரம் பாடத்தில்தான் தன் முழு அழகோடு நிற்கும்.

ஆறாம் படி: சாயநீரைப் பிரிக்கும் செயல்திட்டம்

கடைசியாக ஒரு வாரச் செயல்திட்டம். திருப்பூரில் துணிக்குச் சாயம் ஏற உப்பு நிறையத் தேவை. அந்த உப்பும் சாயமும் கலந்த நீர் ஆண்டுக்கணக்கில் நொய்யல் ஆற்றில் ஓடி, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழே இருந்த விளைநிலங்களைக் கெடுத்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாய, சலவை ஆலைகளை மூட உத்தரவிட்டது. அதன் பிறகு, கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்து நீரையும் உப்பையும் மீட்கும் முறையில் ஆலைகள் இயங்கத் தொடங்கின. ஏன் வடிகட்டி விட்டுவிடக் கூடாது என்று பிள்ளைகள் கேட்பார்கள். அதற்கு நாம் வாயால் விடை சொல்ல வேண்டாம்.

ஒரு லிட்டர் நீரில் 35 கிராம் உப்பும் சில துளி நீல மையும் கலந்து ஒவ்வொரு குழுவுக்கும் அரை லிட்டர் கொடுங்கள். முதலில் துணியில் வடிகட்டட்டும். எதுவும் மாறாது. பிறகு மணல் அடுக்கு. அப்போதும் பெரிய மாற்றம் இருக்காது. அடுத்து, கழுவி நொறுக்கிய அடுப்புக்கரியின் வழியே பலமுறை ஊற்றட்டும். நிறம் மெல்லக் குறையும், சாயம் கரியின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்கிறது. நீர் தெளிந்ததும் வேலை முடிந்தது என்று சில குழுக்கள் துள்ளும். அந்தத் தெளிந்த நீரை அகலமான தட்டில் ஊற்றிச் சித்திரை வெயிலில் வைக்கச் சொல்லுங்கள். நீர் வற்றியதும் தட்டில் வெள்ளையாக உப்பு பூத்திருக்கும். பெரிய ஆலைகளில் எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில், அதாவது நீரை மட்டும் விடும் நுண்சவ்வின் வழியே அழுத்தித் தள்ளி, நீரைப் பிரித்தெடுத்து, மிஞ்சிய செறிவான உப்புநீரை ஆவியாக்கிகளில் காய்ச்சிப் படிகமாக்குகிறார்கள். எரிபொருளும் மின்சாரமும் செலவாவது ஏன் என்று தட்டு காய எடுத்த நாட்களை வைத்து அவர்களே பேசட்டும்.

காய்ந்த உப்பைச் சுரண்டித் தராசில் போடச் சொல்லுங்கள். அரை லிட்டருக்கு 17 கிராமுக்கு மேல் வர வேண்டும். 12 வந்தால் மீதி எங்கே என்று ஒவ்வொரு குழுவும் தன் துணியையும் மணலையும் கரியையும் தனித்தனியாக நல்ல நீரில் அலசி, அந்த நீரையும் காயவைத்து எடை போட்டுக் கணக்கைக் குறிப்பேட்டில் எழுதட்டும்.